நடுத்தட்டு

தெருவிலிருந்து நாலைந்து படி கீழே இறங்கினால்தான் அந்த மளிகைக் கடை. மழை பெய்தால் படி வழுக்கும். இறங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்த ஒரு வசவைப் பாதியில் விழுங்கிக்கொண்டு இறங்குவார்கள். கடைக்கு ஜன்னல் ஒன்றுதான். அது உள்ளே இருப்பவர்களுக்குத் தலைக்கு மேலே, வெளியே நடப்பவர்களுக்குக் கால்மட்டத்தில். அதனால் உள்ளேயிருந்து பார்த்தால் ஆட்களின் முகம் தெரியாது. முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். கல்லாவில் இருக்கும் அக்காவுக்கு அது போதும். செருப்பைப் பார்த்தே யார் வருகிறார்கள், பை கனமா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறார்களா என்பதுவரை சொல்லிவிடுவாள்.

அவளை வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் புருஷனை மாமா என்றார்கள். "இந்தக் கணக்குல தெருவே எனக்கு மச்சானும் கொழுந்தியாளும்தான். ஒருத்தன்கூட ஒரு மோதிரம் போட்டதில்லை" என்பார் மாமா.

கடை நீளமாக, ரயில் பெட்டி போல இருக்கும். இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக அலமாரி. நடுவில் இடுப்பு உயரத்துக்கு மூன்றாவதாக ஒரு மர அடுக்கு. அதற்குத்தான் நடுத்தட்டு என்று பெயர். வெளியூர்க்காரர் யாராவது வந்து பார்த்தால் அதில் விசேஷமாக எதுவும் தெரியாது. மற்ற இடத்தில் இருக்கிற அதே வெங்காயம், அதே உருளைக்கிழங்கு, அதே ரொட்டி. பாதியாக வெட்டிய பூசணிக்காய். மூடி போட்ட டப்பாவில் யாரோ வீட்டுச் சூப்பு. ஆனால் அதில் இருந்த எதையும் அக்கா விலைக்கு வாங்கியதில்லை. எதையும் விலைக்குக் கொடுத்ததும் இல்லை. மிஞ்சியதை வைப்பவர்கள் வைத்தார்கள். தேவைப்பட்டவர்கள் எடுத்தார்கள்.

கேட்பதற்கு இது சுலபமாக இருக்கும். சுலபம் இல்லை. ஒரு கடிகாரத்தைத் திறந்து பார்த்தால் எப்படிச் சின்னச் சின்னப் பல்லாக ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடுமோ, அப்படி ஓடிய விஷயம் அது.

முதலில் வாழைப்பழம். அதை மற்ற பழத்தோடு வைத்தால், தான் பழுப்பது போதாதென்று பக்கத்தில் இருப்பதையும் பழுக்க வைத்து அழுகவிட்டுவிடும். அதனால் வாழைப்பழம் தனியாக, கொக்கியில் தொங்கும். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் சேர்த்து வைத்தால் கிழங்கு முளைவிடும். அவை இரண்டும் தட்டின் இரண்டு கோடியில், பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் மாதிரி. வெட்டிய ரொட்டி என்றால் வெட்டுப்பட்ட பக்கம் பலகையைப் பார்த்துக் குப்புற இருக்க வேண்டும், அப்போதுதான் காயாது. கீரை வேரோடு ஒரு டம்ளர் தண்ணீரில் நிற்கும். சமைத்தது எதுவானாலும் மதியத்துக்குள் போய்விட வேண்டும். போகாவிட்டால் மாமாவின் தட்டுக்கு வரும். "ஊர்ல எல்லார் கைப்பக்குவமும் எனக்கு அத்துப்படி. டீச்சர் சூப்புல உப்பு எப்பவும் ஒரு கல்லு தூக்கல்" என்று அவர் மீசையைத் துடைத்துக்கொள்வார்.

இதெல்லாம் பொருளைப் பற்றியது. மனுஷரைப் பற்றியதுதான் கஷ்டம்.

ஆரம்பத்தில் அக்கா ஒரு மரப்பெட்டியைக் கடைக்கு வெளியே, படிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். 'வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள். பெட்டி நிறைந்தது. நிறைந்தபடியே கிடந்தது. ஜன்னல் வழியாகக் கால்களைப் பார்த்தாள். பிய்ந்த செருப்பு ஒன்று பெட்டி அருகே வரும். நிற்கும். யாராவது எதிரே வந்தால் உடனே நடக்க ஆரம்பித்துவிடும். திரும்பி வரும். மறுபடி நிற்கும். பெட்டியில் கை வைக்காமலே போய்விடும். அந்தச் செருப்பின் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அக்காவுக்குத் தெரியும். காய்தான் அழுகியது.

அட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டாள். பெட்டியை உள்ளே கொண்டுவந்தாள். அப்புறம் அவளாக உட்கார்ந்து யோசித்து ஒரு ஏற்பாடு செய்தாள். நடுத்தட்டில் எடுத்தாலும் சரி, சுவர் அலமாரியில் எடுத்தாலும் சரி, எல்லோரும் ஒரே வரிசையில் வர வேண்டும். எல்லாவற்றையும் தராசில் வைப்பாள். எடைக்கல்லை மாற்றி மாற்றிப் போட்டு, முள் நடுவில் நிற்கும்வரை பார்ப்பாள். பழைய பேப்பரில் பொட்டலம் கட்டி நூலைச் சுற்றுவாள். கல்லாப் பெட்டி ஒரு பெரிய சர்க்கரை ஜாடிக்குப் பின்னால் இருந்தது; பெட்டியின் வாயில் ஒரு துணித் திரை. வருகிறவர்கள் தாங்களே கையை உள்ளே விடுவார்கள். காசு போடுகிற கையும் உள்ளே போகும், போடாத கையும் உள்ளே போகும். பின்னால் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கை வெளியே வந்ததும் அக்கா சொல்வாள்: "சரியா இருக்கு. நாளைக்கு வாங்க."

எல்லோருக்கும் அதே வார்த்தை. அதே குரல். கொண்டுவந்து வைப்பவருக்கும் அதேதான். அவர்கள் கொண்டுவந்ததும் தராசில் ஏறி இறங்கித்தான் தட்டுக்குப் போகும்.

"ஏமாத்துவாங்கடி" என்றார் மாமா அப்போது.

"ஏமாத்தட்டும். ஏமாத்தறவன் நாலு நாள்ல சலிச்சுப்போய் நின்னுடுவான். நிக்காம வர்றது பசிதான்."

அப்படியே நடந்தது. பிய்ந்த செருப்பு உள்ளே வந்தது.

*

மாமாவின் முதுகு போனது ஒரு பருப்பு மூட்டையால்.

லாரி தெருவுக்குள் வரும். தள்ளுவண்டியில் ஏற்றி மூட்டையைக் கடை வாசல்வரை உருட்டிவிடலாம். தெரு சமதளம், அதில் கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் அந்தப் படிகளில்தான். வண்டி படியில் இறங்காது. கூலி ஆட்கள் படியைப் பார்த்ததும் "இதுக்கு மேல எங்க வேலை இல்லைங்க" என்று பீடி பற்றவைத்துவிடுவார்கள். ஆகவே மாமாதான் மூட்டையை முதுகில் வாங்கி, பக்கவாட்டில் சாய்ந்து, நண்டு மாதிரி இறங்குவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி இறங்கியவர், ஒரு காலையில் பாதிப் படியில் நின்றுவிட்டார். "மூட்டையை எடு" என்று மட்டும் சொன்னார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

இன்னொரு மூட்டை தூக்கினால் அப்புறம் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை என்றுவிட்டார் டாக்டர். மாமா இடுப்பில் அகலமான பட்டையைக் கட்டிக்கொண்டு, கடைக்குப் பின்கோடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்தார்.

அக்கா சும்மா இருக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். மூட்டை தெருவில் இருக்கிறது, ஜன்னல் தெருமட்டத்தில் இருக்கிறது, அப்புறம் எதற்குப் படி? ஜன்னல் கம்பி இரண்டைக் கழற்றிவிட்டு, ஒரு நீளப் பலகையை அங்கிருந்து கடைக்குள் சரித்து வைத்தாள். முதல் மூட்டையை அவளும் தையல்காரியும் தள்ளினார்கள். மூட்டை ஓணான் மாதிரிப் பாய்ந்து, பலகை முடிந்த இடத்தில் தரையில் மோதி வெடித்தது. கடை முழுக்கப் பயறு. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் மண்டியிட்டுப் பொறுக்கினார்கள். ரெண்டு பேர் சறுக்கி விழுந்தார்கள்.

"அக்கா, முளைவிட்டுதுன்னா கடையை வயலா மாத்திடலாம்" என்றாள் தையல்காரி. எதிர்வீட்டு மாடியில் மெஷின் ஓட்டுபவள்; அவளுக்கு வாயும் ஒரு மெஷின்தான்.

அன்று பொறுக்கியவர்களில் ஒருவர் கொத்தனார். அதிகம் பேசாதவர். அவர் வேலை பார்த்த கட்டடம் பாதியில் நின்று மாதக்கணக்காகிவிட்டது. பயறைக் கைநிறைய அள்ளிச் சாக்கில் போட்டுவிட்டு, பலகையை ஒருமுறை தடவிப் பார்த்தார். "சரிவு தப்பில்லைக்கா. முடியற இடம்தான் தப்பு" என்றார். வேறெதுவும் சொல்லாமல் போய்விட்டார். அவர் போட்டிருந்தது பிய்ந்த செருப்பு.

*

இந்த நேரத்தில்தான் கொழுந்தன் வந்தான். மாமாவின் தம்பி. எதைப் பார்த்தாலும் "இதை அப்டேட் பண்ணணும்" என்பான். அதனால் அவனுக்கு அப்டேட் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஊர் ஊராகக் கிளை போடும் ஒரு பெரிய ஸ்டோரில் அவனுக்கு ஆள் பழக்கம். அவர்கள் இந்தக் கடையைத் தங்கள் கிளையாக எடுத்துக்கொள்ளத் தயார் என்றான். சாமான் இறக்க அவர்களுடைய ஆட்கள், படியை இடித்து லிஃப்ட், மெஷின், விளக்கு, எல்லாம் அவர்கள் செலவு. அண்ணன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பில் போட்டால் போதும்.

கூடவே ஸ்டோர் ஆபீஸர் ஒருவர் வந்தார். பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. இடது ஷூவின் முனையில் மட்டும் ஒரு நீலப் புள்ளி. ஜன்னலில் பார்த்தபோதே அக்கா அதைக் கவனித்துவிட்டாள். அவர் நல்ல மாதிரிதான் பேசினார். கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நடுத்தட்டின் முன் நின்றார்.

"இது மட்டும் இருக்க முடியாதுங்கம்மா. எங்க கடையில ஸ்டிக்கர் இல்லாத பொருள் இருக்கக் கூடாது."

"விக்காம மிஞ்சினதை என்ன பண்ணுவீங்க?"

"பின்னாடி பூட்டுப் போட்ட தொட்டி இருக்கும். அதுல கொட்டி, மேல நீலச் சாயம் ஊத்திடுவோம்."

"சாயம் எதுக்கு?"

ஆபீஸர் கொஞ்சம் தயங்கினார். "யாரும் எடுத்துச் சாப்பிடாம இருக்க."

மாமாவின் பூண்டுத் தோல் சரசரத்தது.

"எனக்கு மட்டும் ஆசையாங்கம்மா? என் கையாலதான் ஊத்தறேன். விதி அப்படி. ஆனா நாங்களும் தானம் செய்யறோம். வாசல்ல ஒரு உதவி மூலை வெச்சுடலாம். பேரைப் பதிஞ்சு கார்டு கொடுத்துடுவோம். திறப்பு விழாவுக்குப் போட்டோ எடுப்போம். பெரிய போர்டு வைப்போம்."

"போர்டு வெச்சுப் பார்த்தாச்சு" என்றாள் அக்கா. "அடுப்புல நல்லா எரிஞ்சுது."

அன்று சாயங்காலம் கடையை மூடிவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாமாவால் கீழே உட்கார முடியாது. கட்டிலில் சாய்ந்தபடி தட்டை மார்பில் வைத்துக்கொண்டார்.

"உனக்கு வேண்டாம்னு தெரியுது" என்றார்.

"தெரியுதுல்ல."

"எனக்கு என்ன வேணும்னு நீ கேக்கலையே."

அக்கா கையைக் கழுவாமலே அப்படியே இருந்தாள். "கேக்கறேன். சொல்லுங்க."

"நேத்து கக்கூஸ்ல எந்திரிக்க முடியலை. உன்னைக் கூப்பிட வெக்கமா இருந்துது. அரை மணி நேரம் அங்கேயே உக்காந்திருந்தேன்." அவர் சிரிக்கப் பார்த்தார். "அடுத்த லாரி வந்தா யார் தூக்குவா? நீ தூக்குவே. தெரியும் எனக்கு. நான் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அப்புறம் உன் முதுகும் போகும். ரெண்டு பேரும் ஜோடியாப் பட்டை கட்டிக்கிட்டு, எதிரும் புதிருமா உக்காந்து பூண்டு உரிக்கலாம்."

நடுத்தட்டுக்கும் மனுஷனுக்கும் இடையில் அவளை நிறுத்திவிட்டார். முள் எந்தப் பக்கம் சாயும் என்று தராசையா கேட்க முடியும்?

"ஒரு நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க. பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்றாள் கடைசியில். "ஆனா அன்னிக்கு மட்டும் நடுத்தட்டு இருக்கணும்."

*

முந்தின நாளே ஸ்டோர் ஆட்கள் வந்து நடுத்தட்டைத் தவிர கடையில் இருந்த அத்தனையையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கறுப்புக்கோடு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். வெங்காயம்கூடப் பைக்குள் போய்விட்டது. தராசை இறக்கித் தரையில் வைத்தார்கள். அது இருந்த இடத்தில் மெஷின். அதன் கண்ணாடியில் சிவப்பு வெளிச்சம் ஓடியது. பொருளைக் காட்டினால் ஸ்டிக்கரைப் படித்து 'டிங்' என்றது. வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரிகிற மாதிரி மேலே ஒரு திரை. கல்லாப் பெட்டியை மறைத்த சர்க்கரை ஜாடியையும் யாரோ ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டார்கள்.

அப்டேட் புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். "அண்ணி, சவுண்டைக் கேட்டீங்களா? என்னா கிளியரு!"

காலையில் வழக்கம்போல வரிசை சேர்ந்தது. தையல்காரி, பஸ் டிரைவர், கணக்கு டீச்சர், இன்னும் நாலைந்து பேர். டீச்சர் சூப்பு டப்பாவை வைக்க வந்தவர். வழக்கம்போல எடை போட நீட்ட, தராசைக் காணாமல் விழித்து, தானே தட்டில் வைத்துவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டார். முதல் இரண்டு பேருக்கு டிங், டிங். மூன்றாவதாகக் கொத்தனார். அரைப் பூசணியும் கொஞ்சம் வெங்காயமும் எடுத்து வந்திருந்தார். அந்தத் தெருவில் வெங்காயத்துக்கும் வெங்காயத்துக்கும் அதுவரை வித்தியாசம் இருந்ததில்லை. இன்றைக்கு ஒன்று பையில் இருந்தது, ஒன்று வெறும் கையில் இருந்தது.

அக்காவுக்கு அது உறைத்தபோது பூசணி மெஷின் மேல் ஏறிவிட்டது.

'ப்பேஏஏஏ.'

கால் மாட்டிக்கொண்ட ஆட்டுக்கிடா கத்துவது போல ஒரு சத்தம். திரை சிவந்து, பெரிய எழுத்தில் காட்டியது: விற்பனைக்கு இல்லாத பொருள். கடையே திரும்பிப் பார்த்தது. வேண்டுமென்று பார்க்கவில்லை, அப்படிப்பட்ட சத்தத்துக்கு யாருக்கும் தலை தானாகத் திரும்பும்.

ஆபீஸர் பணிவாக முன்னால் வந்தார். "பரவாயில்லை சார். இது இலவசத் தட்டுல எடுத்ததா? அப்ப இப்படித் தனியா இந்தப் பக்கம் நில்லுங்க. பேரு சொல்லுங்க, கார்டு போட்டுடலாம். ஒரே ஒரு போட்டோ."

கொத்தனார் கையிலிருந்த வெங்காயத்தை ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தார். ஒன்று உருண்டது, அதைப் பிடித்து நேராக வைத்தார். "தெரியாம எடுத்துட்டேங்க" என்றார். யாரையும் பார்க்காமல் படியைப் பார்த்து நடந்தார்.

"கொத்தனாரே, நில்லுங்க."

அக்கா கல்லாவை விட்டு வெளியே வந்தாள். கடை திறந்திருக்கும்போது அவள் அந்த இடத்தை விட்டு எழுந்து யாரும் பார்த்ததில்லை. நேராக நடுத்தட்டுக்குப் போனாள். குப்புற இருந்த அரை ரொட்டியை எடுத்தாள். வந்து கொத்தனார் நின்ற இடத்தில், வாடிக்கைக்காரி மாதிரி நின்று, ரொட்டியை மெஷினில் வைத்தாள்.

'ப்பேஏஏஏ.'

"எனக்கும் ஒரு போட்டோ எடுங்க" என்றாள். "நல்லா முகம் தெரியற மாதிரி."

"அண்ணி, என்ன இது? ஆபீஸர் முன்னாடி..."

"நீ சும்மா இரு. மெஷின் பேசுது, கேளு. கிளியரா இருக்கு."

தையல்காரிக்கு அதற்குமேல் சொல்லித்தர வேண்டுமா? தன் கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு ஓடினாள். வாழைப்பழச் சீப்போடு வந்தாள். "எனக்கு ரெண்டு தடவை அடிக்கச் சொல்லுங்க சார். இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. எந்தப் பக்கம் லட்சணமா இருக்கேன்னு எங்க வீட்டுக்காரர் இன்னும் சொல்லலை."

'ப்பேஏஏஏ. ப்பேஏஏஏ.'

"தள்ளு, தள்ளு" என்றார் பஸ் டிரைவர். "முக்குல வண்டியை நிறுத்திட்டு வந்திருக்கேன். உள்ள ஜனம் உக்காந்திருக்கு. எனக்குச் சட்டுனு ஒரு ப்பே அடிச்சு விடுங்க." அவர் கையில் இருந்தது ஒரே ஒரு உருளைக்கிழங்கு.

கணக்கு டீச்சர் சத்தமாகப் பேசாதவர். தட்டில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் மிஞ்சியிருந்த சூப்பு டப்பாவை எடுத்து வந்து வைத்தார்.

"டீச்சர், அது நீங்களே இப்ப கொண்டாந்து வெச்சதாச்சே?" என்றாள் தையல்காரி.

"தெரியும். வேற எதுவும் இல்லை. எனக்கும் அடிக்கணும்ல?"

அடித்தது. அதற்குள் தட்டு காலியாகிவிட்டது. பின்னால் நின்றவர்கள் தவித்தார்கள். ஒருவர் படியேறி ஓடித் தன் வீட்டிலிருந்து இரண்டு முட்டையைக் கொண்டுவந்து தட்டில் வைத்து, அடுத்த நொடியே அதை எடுத்து மெஷினுக்குக் காட்டினார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வீட்டுக்கு ஓடினார்கள். மெஷின் விடாமல் கத்தியது. ஆபீஸர் அதன் பின்னால் கை விட்டுச் சத்தத்தைக் குறைக்கும் திருகைத் தேடினார். அப்படி ஒரு திருகே அதில் வைக்கவில்லை போலும். போட்டோ எடுக்க வந்தவர் யாரை எடுப்பது, யாரைத் தனியாக நிறுத்துவது என்று தெரியாமல் கேமராவை இறக்கிவிட்டார். கொத்தனார் மட்டும் கீழ்ப்படியில் ஒரு காலை வைத்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

திடீரென்று சத்தம் நின்றது. திரை இருண்டது.

பின்கோடியில் மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கையில் மெஷினின் ஒயர். ஸ்டூலிலிருந்து யார் உதவியும் இல்லாமல் எழுந்திருக்கிறார், நெற்றியெல்லாம் வேர்வை.

"அண்ணே, உனக்காகத்தானே இவ்வளவும்!" என்றான் தம்பி. அழுதுவிடுவான் போல இருந்தது.

"தெரியும்டா. எனக்கு முதுகுதான் போச்சு. காது நல்லாத்தான் இருக்கு." அவர் ஒயரைச் சுருட்டி மேஜைமேல் வைத்தார். "எடுத்துட்டுப் போங்க."

"இனிமே மூட்டை தூக்க என்னைக் கூப்பிடாதே" என்றான் தம்பி.

"எப்படா நீ தூக்கினே?"

அக்கா தரையிலிருந்த தராசைத் தூக்கி மேஜையில் வைத்தாள். முள்ளைத் தொட்டு ஆட்டத்தை நிறுத்தினாள். சர்க்கரை ஜாடியை அதன் இடத்துக்கு நகர்த்தினாள். "கொத்தனாரே, உங்க முறைதான் இன்னும் முடியலை" என்றாள்.

அவர் வந்தார். பூசணி, வெங்காயம். எடைக்கல் மாறியது. முள் நடுவுக்கு வந்தது. பொட்டலம். நூல். கை திரைக்குள் போய் வெளியே வந்தது.

"சரியா இருக்கு. நாளைக்கு வாங்க."

*

வீறாப்பு எல்லாம் சரி. லாரி யாருடைய வீறாப்பையும் கேட்டு நிற்காதே.

அது வந்த காலையில் மூட்டைகள் வாசலில் மலைபோலக் கிடந்தன. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறினாள். மாமா உள்ளேயிருந்து, "வேண்டாம்டி, தொடாதே, சொல்றதைக் கேளு" என்று கத்திக்கொண்டே இருந்தார். மேலே போனால் தையல்காரி ஒரு மூட்டையின் வாயைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"முழுசாத் தூக்கினாத்தானே முதுகு போகும்? எனக்கு வேண்டியதை நானே அள்ளிட்டு இறங்கறேன். எல்லாரும் அப்படியே அள்ளட்டும். உள்ள வந்து சாக்குல கொட்டிட்டு, அப்புறம் வாங்கிட்டுப் போறோம்."

"இது என்ன முட்டாள்தனம்?"

"உங்க கடையில வேற என்ன கிடைக்கும்?"

அன்று கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் வாளியிலும் கூடையிலும் முந்தானையிலும் அள்ளிக்கொண்டு இறங்கினார்கள். மதியம்வரை ஆனது. படியெல்லாம் அரிசி. ஆனால் இப்படி ஒவ்வொரு லாரிக்கும் செய்ய முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் அக்கா கல்லாவில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தபோது, பிய்ந்த செருப்பு அங்கே நின்றது. நகரவில்லை. அப்புறம் முழங்கால் மடங்கியது. ஜன்னலுக்கு முதல்முறையாக ஒரு முகம் வந்தது.

"அக்கா, இந்த ஜன்னல்ல மிச்சக் கம்பியையும் எடுத்துடட்டுமா?"

"எதுக்கு?"

"பலகை நேரா இருக்கு. நேரா வந்தா நேராத்தான் மோதும். கீழ வரவர வளைஞ்சு, கடைசியில லேசா மேல ஏறணும். அப்ப வேகமெல்லாம் அந்த ஏத்தத்துலயே செத்துடும். ரெண்டு பக்கமும் ஒரு சாண் கரை கட்டினா மூட்டை புரளாது. முடியற இடத்தைத் தரையில வைக்காம அலமாரி உயரத்துக்கு வெச்சுட்டா மாமா குனியவே வேண்டாம்." அவர் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. "சிமெண்ட் என்கிட்ட கொஞ்சம் மிச்சம் கிடக்கு. மிஞ்சினதுதான்."

மிஞ்சினதை வேண்டாம் என்று சொல்கிற கடை இல்லையே அது.

அவர் கட்டினார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம். காயவிட்டு, ஈரச்சாக்கு போர்த்தி, மறுபடி தேய்த்து, உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார். மாமா ஸ்டூலை அங்கே நகர்த்திப் போட்டு மேற்பார்வை பார்த்தார். அதாவது எல்லாவற்றிலும் குறை சொன்னார். காய்ந்து முடிந்து அடுத்த லாரி வந்தபோது தெருவே எட்டிப் பார்த்தது. ஜன்னலில் மூட்டை தலை காட்டியது. வழுக்கி வேகமாக வந்தது. "போச்சு, பயறு!" என்று தையல்காரி காலைத் தூக்கிக்கொண்டாள். மூட்டை வளைவில் இறங்கி, ஏற்றத்தில் ஏறி, தயங்கி, கொஞ்சம் பின்வாங்கி, மாமாவின் மடிக்கு முன்னால் சாதுவாக நின்றது. அவர் அதன் முதுகில் தட்டிக்கொடுத்தார். உட்கார்ந்தபடியே அலமாரிக்குள் தள்ளினார்.

"கொத்தனாரே, இதை எப்படி எடை போடறது?" என்றாள் அக்கா.

கொத்தனார் கையிலிருந்த சாக்குத் தூசியைத் தட்டிவிட்டார். "எடை போட்டுட்டு என்னிக்குக்கா நீங்க கணக்குப் பார்த்திருக்கீங்க?"

பெரிய ஸ்டோர் அந்தக் கிளையை மெயின் ரோட்டில் வேறு இடம் பார்த்துத் திறந்தது. வாசலில் உதவி மூலை, பெரிய போர்டு. அந்தப் பக்கம் போய்வந்த பஸ் டிரைவர், "மூலை நிறையச் சாமான் இருக்கு. ஆள்தான் இல்லை. வாட்ச்மேன் மட்டும் அதைக் காவல் காக்கறான்" என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அந்த மூலையின் முன்னால் நின்று நின்று நடந்துபோகிற செருப்புகளை நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு சாயங்காலம். கடை மூடுகிற நேரம். கூட்டம் குறைந்து இரண்டு மூன்று பேர்தான் வரிசையில். ஜன்னலில் ஒரு ஜோடி ஷூ வந்து நின்றது. பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. யாரோ எதிரே வர, நடக்க ஆரம்பித்தது. திரும்பி வந்தது. மறுபடி நின்றது. இடது ஷூவின் முனையில் ஒரு நீலப் புள்ளி.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவும் பார்த்துவிட்டு, பூண்டு உரிப்பதை நிறுத்தினார்.

கொத்தனார் கட்டிய சறுக்கில் ஒரு பை இறங்கி வந்தது. வளைவில் தாழ்ந்து, ஏற்றத்தில் ஏறி நின்றது. உள்ளே ரொட்டிகள், சாயம் படாதவை. இன்னும் மெத்தென்றுதான் இருந்தன. பின்னாலேயே இன்னொரு பை. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"யாருக்கா அது?" என்றாள் வரிசையில் நின்ற தையல்காரி, கழுத்தை வளைத்து.

"எனக்கு என்ன தெரியும்? இங்கேருந்து முகமா தெரியுது?"

அக்கா பைகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள். எடைக்கல்லை மாற்றி மாற்றிப் போட்டாள். முள் நடுவில் நிற்கும்வரை பொறுத்திருந்து பார்த்தாள். ஷூ இன்னும் போகவில்லை. அவள் ஜன்னலைப் பார்த்து, எல்லோருக்கும் சொல்கிற அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்:

"சரியா இருக்கு. நாளைக்கு வாங்க."